ஈ.பி. டயர்

மஞ்சூர் பஜாரில் எனக்கு வாய் அதிகம் என்று ஒரு பேர் உண்டு. டயர் கடைக் கல்லாவில் வாய் இல்லாமல் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பஞ்சர் ஒட்டிவிட்டு, "அப்புறம் பாத்துக்கலாங்க்கா" என்று வண்டியைக் கிளப்புகிறவன் கெத்தை மலைப்பாதையில் இறங்குவதற்குள் அவனைக் குரலாலேயே பிடித்து நிறுத்தியாக வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் பாலசுப்பிரமணியத்துக்கு அது வராது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஜாக்கியும் ஸ்பேனரும்தான். பேச வேண்டியதையெல்லாம் கனகமணி பேசிக்கொள்வாள் என்று என் தலையில் கட்டிவிட்டார்.

அந்த மனுஷனுக்குப் போன சீசனில் ஒரு பைத்தியம் பிடித்தது. கோயமுத்தூரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி கரண்டு காரில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்தார்கள். எங்கள் கடைக்கு முன்னாலேயே டயர் பக்கவாட்டில் வெடித்துவிட்டது. சாதாரண டயர் போடலாமென்று பார்த்தால், பேட்டரி கனத்துக்கு அது தாங்காது, கரண்டு வண்டிக்கென்று தனி டயர் இருக்கிறது என்று காரை ஓட்டி வந்த பையன் சொன்னான். கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் டயர் வந்து சேரும்வரை அதுகள் இரண்டும் எங்கள் கடை பெஞ்சில் பன்னைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தன. இவர் அந்தக் காருக்கு அடியில் படுத்தவர், சாமி தரிசனம் ஆன மாதிரி எழுந்து வந்தார்.

"கனகு, இனி மலை ஏறறது பூராம் கரண்டு வண்டிதான். மிதிச்சதும் சடார்னு இழுக்குது, வண்டியும் கனம். நம்ம ரோட்டுல டயர் சோப்பாட்டம் கரைஞ்சிரும். கரையக் கரைய நம்மகிட்டத்தான் வரோணும்."

"மழை வந்தா ஊட்டுக்கே கரண்டு இல்லை. இதுல வண்டி வருதாக்கும்" என்றேன்.

அவர் கேட்கவில்லை. கோயமுத்தூரில் டீலர்கள் கூட்டத்துக்குப் போனார், டயர் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே பஞ்சு ஒட்டியிருந்தது. சத்தம் வராமல் இருப்பதற்காம். டயருக்கு மெத்தை போட்ட காலமும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சரி, ஆசைப்படுகிறார், வைத்துத்தான் பார்க்கட்டும் என்று விட்டேன்.

டயர் வந்தால் போர்டு வேண்டுமே. 'இங்கு ஈ.வி. டயர்கள் கிடைக்கும்' என்று காகிதத்தில் எழுதி பெயிண்டர் இருளப்பன் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் அன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். இருளப்பன் வாழ்நாள் முழுக்க ஈ.பி. காண்ட்ராக்டர்களிடம் கரண்டுக் கம்பத்துக்கு நம்பர் எழுதிப் பிழைத்தவன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் கடை நெற்றியில் தகரம் மின்னுகிறது. 'இங்கு ஈ.பி. டயர்கள் கிடைக்கும்.' பக்கத்தில் சிவப்பில் ஒரு மின்னல். அதற்குக் கீழே ஒரு மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு.

"இருளப்பா, என்னடா இது?"

"நல்லா வந்திருக்குதுங்களாக்கா? அண்ணன் எழுதிக் குடுத்ததுல ஒரு பிழைங்க. ஈ.வி.ன்னு இருந்துச்சு. நாந்தான் திருத்துனேன்."

"மண்டையோடு?"

"ஈ.பி.ன்னு எழுதுனா கை அதுபாட்டுக்கு அதைப் போட்டுருதுங்க்கா. அதுக்குத் தனியா காசு வேண்டாமுங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. உடனே அழி என்று குதித்தேன். அவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். மலையே தெரியாமல் பனி மூடிக் கிடந்தது, அதற்கு மேல் தூறல். வெயில் வராமல் தகரத்தில் பெயிண்ட் காயாது என்று சொல்லிவிட்டு, வெயில் வரும்போது வருவதாகக் கிளம்பிவிட்டான். மஞ்சூரில் வெயிலை நம்பி வாக்குக் கொடுக்கிறவனை என்ன செய்வது?

மறுநாள் காலையிலேயே எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து கருப்பம்மாள் என்கிற அம்மாள் வந்து நின்றாள். வீட்டில் லைட் எரியவில்லையாம்.

"இது டயர் கடைங்க."

"தெரியுது தாயி. நீ டயர் மாத்திக் குடுத்தாத்தான ஈ.பி. வண்டி கெளம்பும்? வண்டி கெளம்புனாத்தான லைன்மேன் வருவாரு? வெரசா மாத்திக் குடு."

என் வாய்க்கும் பூட்டு உண்டென்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அப்புறம் வந்தார்கள் நிஜமான கிராக்கிகள். பிக்கப் டிரைவர் அய்யாவு, எப்போதும் தெருவிலிருந்தே கூப்பாடு போடுகிறவன், கல்லாவுக்குள் தலையை நுழைத்துக் கிசுகிசுத்தான்.

"அக்கா, அந்த ஐட்டம் இருக்குதுங்களா?"

"எந்த ஐட்டம்?"

"அதானுங்க, போர்டு ஐட்டம். ஒரு செட்டு நம்மளுக்கு எடுத்து வெய்யுங்க. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

ஈ.பி. வண்டியிலிருந்து கழட்டிய திருட்டு டயர் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறான்! "அடப்பாவி, இது கம்பெனி டயரு. பில்லோட இருக்குது" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

"பில்லு இருந்தா அப்புறம் அதுல என்னுங்க்கா இருக்குது?" என்று சலித்துக்கொண்டு போனான்.

அவன் மட்டுமா? நெற்றி நிறைய விபூதி பூசிய வாத்தியார் வந்தார். ஊருக்கே யோக்கியம் சொல்லிக் கொடுக்கிற மளிகைக்கடைக்காரர் வந்தார். எல்லாருக்கும் ஒரே கிசுகிசு, எல்லாருக்கும் பில் என்றதும் ஒரே ஏமாற்றம். மஞ்சூரில் நல்லவர்கள் இவ்வளவு பேர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கரண்டு வண்டி மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

எங்கள் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஆறுமுகசாமி. மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சட்டைதான், மனசு இன்னும் டூட்டியில் இருக்கிறது. வாரியம் என்று அவர் வாயில் வராது, 'நம்ம போர்டு'தான். கரண்டு போய்விட்டது என்று அவர் எதிரில் சொல்லிவிட முடியாது. "போகலை, எடுத்திருக்காங்க" என்று திருத்துவார். நாங்கள் அன்னூரிலிருந்து திரும்பிய அன்று தகரத்தின் கீழே வெகுநேரம் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, "பரவாயில்லையே! ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று சிரித்துக்கொண்டே போனார். கிண்டல் செய்கிறார் என்று நாங்களும் சிரித்து வைத்தோம்.

ஒரு வாரம் போயிருக்கும். அதே மனுஷன் முகமெல்லாம் சிவக்க வந்து நின்றார்.

"மாசம் முடிஞ்சதும் கடையைக் காலி பண்ணிருங்க."

எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த லீவரைக் கீழே வைத்தார். "நாங்க என்னுங்க தப்புப் பண்ணினோம்?"

"போர்டு மானத்தை வாங்கிட்டு, என்ன தப்புன்னு வேற கேக்கறயா?"

"போர்டுல ஒரே ஒரு எழுத்துதானுங்க தப்பு. வெயில் வந்ததும் அழிச்சிடறமுங்க."

"போர்டை அழிக்கறயா? எவனாலயும் முடியாது!"

"தகரந்தானுங்களே. தின்னர் போட்டுத் தொடைச்சா போயிருமுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங், போர்டு எங்களுது. நாங்க காசு குடுத்தது. எழுதுவோம், அழிப்போம், கழட்டி அடுப்புல கூட வெப்போம். அதுல உங்களுக்கு என்னுங்க வந்துது?"

"போர்டு உங்களுதா? அம்மிணி, காலமெல்லாம் அதுல கம்பம் ஏறுனவன் நானு!"

"எங்க போர்டுல நீங்க எப்பங்க ஏறுனீங்க?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். சத்தியமாகக் கிண்டல் இல்லை. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஆறுமுகசாமி விடுவிடுவென்று திரும்பி நடந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு நிலைமை உறைத்தது. கெத்தை வளைவுகளில் மூச்சு முட்டி ஏறி வருகிற வண்டி, பிரேக் நாற்றத்தோடு முதலில் நிற்கிற இடம் எங்கள் கடை வாசல். பஜாரில் வேறு கட்டடம் கிடையாது. இதை விட்டால் அன்னூருக்குப் போய் இவருடைய அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒண்ட வேண்டும். "மலைக்குப் போய் என்னத்தைச் சாதிச்சீங்க?" என்று அவர் பெண்டாட்டி தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவாள். அதை நான் தாங்கிவிடுவேன், பதிலுக்கு நாலு சொல்லுவேன். இவர் தாங்க மாட்டார். அன்றைக்கு அந்தப் பஞ்சு வைத்த டயர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

திருட்டுச் சரக்கு விற்கிறோம் என்று ஊர் பேசுவது ஆறுமுகசாமி காதிலும் விழுந்திருக்கும் என்று முடிவு கட்டினோம். இவர் கம்பெனி பில்களை எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். அவர் கையால்கூடத் தொடவில்லையாம். பிறகு ஒருநாள் அதிசயமாக வெயில் அடித்தது. இருளப்பனைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து 'ஈ.வி.' என்று மாற்றி எழுதவைத்தேன். மண்டையோட்டை அழிக்கும்போது அவன் கண் கலங்கியது. ஆறுமுகசாமி அந்த வழியாக வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஊரே சிரிச்சு முடிஞ்சப்புறம் இப்ப மாத்தி என்ன பிரயோசனம்?" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்து மாறியதும் கிசுகிசுக்காரர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இனி பொறுப்பதற்கில்லை என்று நானே அவர் வீட்டுக்குப் போனேன். வழி நெடுகக் கேள்விகளைத் தீட்டிக்கொண்டே போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி தேவியம்மாள், "வா கண்ணு, நல்ல நேரத்துக்கு வந்த. நீயாச்சும் கேளு. சங்கத்துக்கும் போறதில்லை, டீக்கடைக்கும் போறதில்லை. சொவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறாரு" என்றார்.

நான் உள்ளே நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன். "எங்களைப் பாத்தா திருட்டுக் கும்பலாட்டத் தெரியுதுங்களா உங்களுக்கு? பில்லைக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்க?"

"திருட்டா? யாரு சொன்னா?" என்று அவர் விழித்தார்.

"பின்ன எதுக்குங்க காலி பண்ணச் சொன்னீங்க?"

தேவியம்மாள்தான் சொல்லச் சொல்லித் தூண்டினார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கரண்டு வண்டிக்கு அங்கங்க சார்ஜ் போடற எடம் வந்துட்டு இருக்குது. உன்ற தகரத்தைப் பாத்ததும், சரி, நம்ம போர்டு டயரும் விட ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சுட்டேன். பூரிச்சுப் போச்சு அம்மிணி. ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுனேன். நம்ம போர்டு டயர் விட்டிருக்குது, மஞ்சூருக்கே மொத ஏஜென்சி, அதும் என்ற கட்டடத்துலன்னு. கை தட்டுனாங்க. பாராட்டுத் தீர்மானம்கூடப் போட்டோம்."

எனக்கு உதடு துடித்தது. சிரித்துவிடக் கூடாதே என்று உள்ளங்கையில் நகத்தைக் குத்திக்கொண்டேன்.

"அப்புறந்தான் டீக்கடையில அந்த அஜய்ங்கற பையன், நேத்து வேலைக்குச் சேந்த லைன்மேன், எல்லாரு முன்னாலயும் கேக்கறான். 'டயரு விட்டாச்சு, டியூப்பு எப்பங் சாரு?' அப்டீங்கறான். கடையே சிரிக்குது. இப்ப எனக்குப் பேரே டயர் சாராம். ரிட்டயர் ஆனவரில்லையாம், ஈ.பி. டயர் ஆனவராம்."

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கம்பத்துல இருந்து ரெண்டு வாட்டி விழுந்திருக்கேன். அது வலிக்கலை. ரிட்டயர் ஆனப்புறம் போர்டுத் தகவல் எனக்கு ஒருத்தனும் சொல்றதில்லை, அம்மிணி. எல்லாம் கடைசியாத்தான் தெரியுது. இதாச்சும் நான் மொதல்ல சொல்லலாம்னு பாத்தேன்."

தீட்டிக்கொண்டு வந்த கேள்வி ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. சிரிப்பும் போய்விட்டது. பாவமாக இருந்தது. "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்று மட்டும் சொன்னேன்.

"போர்டு விசயத்தைப் போர்டு ஆளு டயர் கடையில வந்து கேக்கறதா?"

அதுதான் விஷயம். இந்த மனுஷனுக்குத் தினமும் எங்கள் கடையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் விழும். நாங்கள் போனால்தான் அது நிற்கும் என்று நினைக்கிறார். பில்லும் தின்னரும் இதற்கு மருந்தில்லை. சிரிப்பை அவர் தலையிலிருந்து இறக்கி வேறு ஒரு தலையில் வைத்தால்தான் உண்டு. அந்தத் தலை எது என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் தலை வேண்டாம், அவர் ஏற்கனவே நொந்துபோய் இருக்கிறார். இருளப்பன் தலையில் வைத்தால் ஊர் நம்பும், ஆனால் ஆறுமுகசாமி ஏமாந்தது ஏமாந்ததாகவே நிற்கும். மிச்சம் இருந்தது என் தலைதான். இத்தனை வருஷம் இந்த பஜாரில் ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. நினைக்கவே உடம்பு கூசியது.

சாயங்காலம் டீக்கடை நிரம்பியிருக்கிற நேரம் பார்த்துப் போனேன். அஜய், அய்யாவு, விபூதி வாத்தியார், சங்கத்துக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். இருளப்பன் ஒரு மூலையில் போண்டாவோடு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றேன். "ஆறுமுகசாமி சார் கடைக்கு வந்து, இது போர்டு டயரான்னு என்கிட்ட வெவரமாக் கேட்டாரு. நாந்தான் ஆமாங்கன்னு அடிச்சுச் சொன்னேன். ஈ.பி.யும் ஈ.வி.யும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். எனக்கு அவ்வளவுதான் அறிவு. சிரிக்கறதுன்னா என்னையப் பாத்துச் சிரிங்க. அவரு மேல தப்பில்லை."

அஜய்தான் ஆரம்பித்தான்.

"அக்கா, அப்ப அந்த மண்டையோடு?"

"அதும் நாந்தான் போடச் சொன்னேன். டயர் கம்பெனி சின்னம்னு நெனச்சேன்."

இருளப்பன் வாயைத் திறந்தான். நான் ஒரு பார்வை பார்த்தேன். அவன் திறந்த வாயில் போண்டாவை வைத்துக்கொண்டான்.

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள்! ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள். வாத்தியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் காது எரிய வெளியே வந்தேன். மறுநாளே எனக்கு ஈ.பி.யக்கா என்று பேர் வந்துவிட்டது. டயர் சார் என்கிற பேர் அத்தோடு காணாமல் போனது. இதையெல்லாம் கேட்ட எங்கள் வீட்டுக்காரர், "நீயா சொன்ன? உன்ற வாயாலயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார்.

ஆனால் ஆறுமுகசாமியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. டீக்கடைக்குப் போகிறார், சங்கத்துக்குப் போகிறார், எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் நேரே பார்த்துக்கொண்டு நடக்கிறார். மாசக் கடைசியும் வந்துவிட்டது. சாமான்களைக் கோணிப்பையில் கட்ட ஆரம்பித்தோம். இவர் கட்டுவார், நான் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே.

அன்றைக்குப் பார்த்து ஒரு கரண்டு கார் சத்தமே இல்லாமல் வந்து வாசலில் நின்றது. முன் டயர் இரண்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தன. கீர்த்திவாசன் என்று பேர், இவரும் கோயமுத்தூர்க்காரர்தான். கூட அவர் மனைவி கனிஷ்கா.

"பஜாருல விசாரிச்சமுங்க. ஈ.பி. டயர் கடைன்னு இங்க கையக் காட்டுனாங்க. எங்க வண்டி ஈ.வி.ங்க, அதுக்கு ஆகுங்களா?" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் கோணிப்பையை ஒரே இழுப்பில் பிரித்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஈ.பி. வேற, ஈ.வி. வேறங்க தம்பி."

ஆறுமுகசாமி. உள்ளே வந்து பெஞ்சில் கம்பீரமாக உட்கார்ந்தார். "ஈ.பி.ங்கறது போர்டு. கரண்டு குடுக்கறது. ஈ.வி.ங்கறது வண்டி. கரண்டைக் குடிக்கறது. பேட்டரி கனத்துக்குத் தாங்கற மாதிரி செய்யறது இந்த டயரு. உள்ள பஞ்சு இருக்குது பாருங்க, அது சத்தத்துக்கு." என்னைக் கட்டைவிரலால் காட்டினார். "இந்த அம்மிணிக்கு அது தெரியாது. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு, ஊரையே ஏமாத்திப்போட்டுது. நாமதான் எடுத்துச் சொல்லோணும்."

கீர்த்திவாசன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கனிஷ்கா, "பரவாயில்லைங்க்கா, எங்கம்மாவும் இப்படித்தான்" என்றாள். என் நாக்கு நுனியில் ஆயிரம் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு டீ போட உள்ளே போனேன்.

டயர் மாட்டி முடித்து, காற்றுப் பார்த்து, இவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கீர்த்திவாசன் அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அடுத்து என்று ஒன்று இருந்தால்தானே சொல்வது?

ஆறுமுகசாமி டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"நல்லா ஓடுனதுக்கப்புறம் முன்னாடி டயரைப் பின்னாடி, பின்னாடியை முன்னாடி மாத்திப் போடோணுமுங்க தம்பி. இல்லீன்னா ஒருபக்கமாத் தேஞ்சிரும். வேற எங்கயும் போகாதீங்க, இங்கயே கொண்டாங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "இவிங்க இங்கதான் இருப்பாங்க. எங்க போவாங்க?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுஷனுக்கு நாலு பதில் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஓடி வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"கனகு, ஏன் பேச மாட்டேங்கற? காய்ச்சலா?"